ஒன்பது கிளிகளும் ஒரு பச்சை ரவிக்கையும்

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் என் வீட்டுக்காரரின் சட்டையிலிருந்து ஒரு பொத்தான் தெறித்து அலமாரிக்கு அடியில் ஓடிவிட்டது. கம்போங் ராஜாவில் அவருடைய சித்தப்பா மகளுக்குப் பரிசம். தட்டு மாற்ற நல்ல நேரம் பத்தரைக்குள் என்று சொல்லியிருந்தார்கள். நாங்கள் இருப்பது ரிங்லெட்டில். மலையின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்குப் போக வேண்டும், அதுவும் ஸ்ட்ராபெரி பறிக்க வருகிறவர்களின் கார்கள் பாதை முழுக்க நிற்கிற ஞாயிற்றுக்கிழமையில்.

"பழைய பிஸ்கட் டின்னுல பட்டன் இருக்கும் பாருலா! சீக்கிரம், ஜாம் ஆயிரும்!" என்று கத்தினார். காய்கறி லோரி ஓட்டுகிறவர். எஞ்சின் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசி, பக்கத்தில் நிற்கிறவளிடமும் அப்படித்தான் பேசுவார்.

உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு டின் இருக்கும். பிஸ்கட்டைத் தவிர மற்றதெல்லாம் இருக்கும். எங்கள் டின்னை நான் பல வருடங்களாகத் திறக்கவில்லை. மூடியை நகத்தால் நெம்பியதும் தையல் மெஷின் எண்ணெய் வாசனை வந்தது. அதற்குப் பின்னால் காய்ந்த சேற்றின் வாசனை. அதற்கும் அடியில் தேயிலைத் தூள் வாசனை. நூல்கண்டுகளை விலக்கினேன். ஒன்பது பச்சைக் கிளிகள் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடந்தன.

அவர் என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார். "இது என்னா, கிளியா? நீயா செஞ்ச? நல்லாத்தானே இருக்கு. லோரில ஒண்ணு தொங்கவிடலாம் போல."

"பட்டன் இல்ல. ஊக்கு குத்திக்கிட்டுப் போங்க" என்றேன். "எனக்குத் தல வலிக்குது, நான் வரல." அவர் நம்பவில்லை. ஆனாலும் நேரமாகிவிட்டதால் போய்விட்டார்.

அந்தச் சேற்று வாசனையிலிருந்தே தொடங்குகிறேன். கீழே லெம்பா பெர்த்தாம் பள்ளத்தாக்கில் சேற்று வெள்ளம் வந்ததே, அந்த வருடம். அங்கே காய்கறித் தோட்டம் வைத்திருந்த ஒரு சீன ஆண்ட்டி, வீட்டைக் கழுவித் தள்ளும்போது சேறு புகுந்த தையல் மெஷினைத் தெருவில் தூக்கி வைத்துவிட்டார். எங்கள் அப்பா அப்போது தேயிலைத் தோட்டத்து லோரியில் போவார். இவர் கேட்டதும் ஆண்ட்டி எடுத்துக்கொள்ளச் சொன்னாராம். வீட்டு வாசலில் இறக்கியபோது அம்மா இடுப்பில் கைவைத்துக்கொண்டு பார்த்தார். "ஆத்துல போனதெல்லாம் அள்ளிக்கிட்டு வந்துட்டாரு. இதுல இன்னும் யாரு வீட்டுச் சாமான் இருக்கோ."

நான் பள்ளிப் படிப்பை முடித்துவிட்டுத் தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் கிராணிக்குக் கீழே எழுத்து வேலை செய்துகொண்டிருந்தேன். இருபத்திரண்டு வயது. எந்தப் பொழுதுபோக்கும் இல்லை. மெஷினைத் துடைத்து எண்ணெய் விட்டேன். எவ்வளவு எண்ணெய் விட்டாலும் பழுப்பாகத்தான் வெளியே வந்தது. நான் தைத்த எல்லாவற்றிலும் எங்காவது ஒரு பழுப்புச் சொட்டு இருக்கும்.

சொல்லிக் கொடுக்க ஆள் கிடையாது. கைப்பேசியில் வரும் காணொளிகள்தான். எங்கள் லயத்தில், தோட்டத்து வரிசை வீடுகளில், அலைவரிசை கிடைக்காது. மேட்டில், கொழுந்து நிறுக்கிற கொட்டகையின் ஓரத்தில் ஒரு கல் உண்டு. அதன்மேல் ஏறி நின்றால் கிடைக்கும். வேலை முடிந்ததும் அங்கே போய்க் கல்லின்மேல் நின்று, தமிழ்நாட்டில் எங்கோ இருந்து ஓர் அக்கா வெட்டிக் காட்டுவதைப் பார்த்து மனப்பாடம் செய்துகொண்டு ஓடிவருவேன். சரிவில் இறங்கி வருவதற்குள் பாதி மறந்துவிடும். மறந்த பாதியை என் புத்தியால் நிரப்பிக்கொள்வேன். என் புத்தியின் அளவு எல்லாத் துணிகளிலும் தெரிந்தது.

முதலில் தைத்த தலையணை உறைக்கு நாலு பக்கமும் தையல் போட்டுவிட்டேன். இரண்டாவதாக, ஜன்னல் திரையோடு நான் கட்டியிருந்த கைலியையும் சேர்த்துத் தைத்துவிட்டேன். எழுந்தபோது மெஷினும் கூடவே வந்தது. அம்மா சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்து, "முதல்ல கோழிக்குப் பாவாட தைச்சுப் பழகு. அதுங்க ஒண்ணும் சொல்லாது" என்றார்.

உருப்படியாக நான் தைத்த முதல் பொருள் கையுறைதான். விரலுக்கு மாட்டுவதில்லை. கொழுந்து எடுக்கப் போகிறவர்கள் செடிக் குச்சி கீறாமல் இருக்க மணிக்கட்டிலிருந்து தோள் பக்கம்வரை மாட்டிக்கொள்கிற துணிக்குழாய். நேராக ஒரு தையல், இரண்டு முனையிலும் ரப்பர். எந்த முட்டாளும் தைக்கலாம். அதை என்னிடம் கேட்டு வாங்கி மாட்டிக்கொண்டவர் தேவகியக்கா.

எங்கள் வீட்டுக்கு அடுத்த வீடு. அப்பா இல்லை. அம்மா முனியம்மாவும் அவரும்தான். தேவகியக்காவுக்கு அப்போது இருபத்தொன்பது வயது. என் தையலை நல்லது என்று சொன்ன ஒரே ஆள். "சும்மா சொல்லலடி, டவுன் டெய்லர் தெச்ச மாதிரியே இருக்கு" என்பார். இரண்டு ஜோடி தைத்துக் கொடுத்தேன். வேலைக்கும் மாட்டிக்கொள்வார், வேலை முடிந்தும் கழற்ற மாட்டார். கோயிலுக்கு வந்தால் சுவெட்டர். என்னுடைய தையல்மேல் அவ்வளவு ஆசை என்று நினைத்துக்கொண்டேன். நினைப்புத்தான் பிழைப்பைக் கெடுத்தது என் விஷயத்தில்.

எங்கள் தோட்டத்துப் பெண்களின் வாயைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். தண்ணீர்க் குழாயடியில் யாருக்கும் தப்பிக்க வழி கிடையாது. தேவகியக்காவை ஏழெட்டு இடங்களிலிருந்து வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். ஒன்றும் கூடவில்லை. ஒருநாள் அவர் வாளியோடு வந்தபோது, "இன்னும் ரெண்டு வருசம் போனா தேயிலச் செடிக்குத்தான் கட்டி வைக்கணும்" என்று ஒரு குரல் சொன்னது. குழாயடியே சிரித்தது. தேவகியக்காவும் சிரித்துக்கொண்டே வாளியை நிரப்பினார். அதைச் சொன்னது நான்தான். கத்திரிக்கோல் மொக்கையாக இருந்தாலும் வாய் நல்ல கூர்.

அப்படிப்பட்ட நேரத்தில் கம்போங் ராஜாவிலிருந்து ஒரு மாப்பிள்ளை வந்தது. பூ வியாபாரம். இரண்டு முறை கோயிலில் பார்த்துப் பேசி, கைப்பேசியிலும் பேசிப் பிடித்துப்போய், அவரே அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்தார். பரிசத்துக்கு நாள் குறித்தார்கள். தேவகியக்கா ஒரு சுற்றுப் பெருத்த மாதிரி இருந்தார், சந்தோஷத்தில்.

அவர்கள் வழக்கப்படி பரிசச் சேலையை மாப்பிள்ளை வீட்டில் முன்கூட்டியே கொடுத்தனுப்புவார்கள். ரவிக்கைத் துணி சேலையோடு சேர்ந்தே வரும். அந்தத் துணியில்தான் தைக்க வேண்டும். வேறு துணி ஒரு விரற்கடைகூட அதில் சேரக் கூடாது. சேர்ந்தால் அந்தக் குடும்பத்தோடு இன்னொரு குடும்பம் கலக்கும் என்பார்கள். வந்தது கிளிப்பச்சைப் பட்டு. தேவகியக்கா அதைக் கொண்டுவந்து என் மெஷின்மேல் வைத்தார்.

நான் துணியைத் திருப்பி அவர் கையிலேயே வைத்தேன். "டவுன்ல குடுங்கக்கா. நான் இன்னும் பிளவுஸே தெச்சதில்ல."

"நீ இருக்கும்போது நான் ஏன் டவுனுக்குப் போறேன்?"

அவ்வளவுதான், எனக்குத் தலை கூரையில் இடித்தது. அளவெடுக்க நாடாவை எடுத்தேன். மழை பெய்து ஊரே வெடவெடத்துக்கொண்டிருந்தது. "சுவெட்டரக் கழட்டுறீங்களாக்கா?" என்று கேட்டேன். "வேணாண்டி, குளிருது. இதுக்கு மேலேயே எடு" என்றார். எடுத்தேன். கம்பளி சுவெட்டர், உள்ளே இன்னொரு பனியன், அதற்குள் ஒரு சட்டை. காணொளியில் அந்த அக்கா நாடாவை உடம்போடு ஒட்டிப் பிடிக்கச் சொல்லியிருந்தார். சுவெட்டரைக் கழற்றச் சொல்லவில்லை. அவருக்கு எப்படித் தோன்றும்? மின்விசிறிக்குக் கீழே வேர்த்து வடிய உட்கார்ந்திருந்தவர் அவர். மலையில் பிறந்து சுவெட்டரோடு வளர்ந்த எனக்கும் அதன் தடிமனைக் கழிக்க வேண்டும் என்று தோன்றவில்லை.

"கை மட்டும் முட்டி வரைக்கும் வேணும். மறந்துறாத" என்றார் தேவகியக்கா. நோட்டில் எழுதி அடிக்கோடும் போட்டேன்.

முன்பக்கம், பின்பக்கம் எல்லாவற்றையும் அந்தச் சுவெட்டர் அளவுக்கு வெட்டினேன். வெட்டி முடித்துப் பார்த்தால் முட்டி வரைக்கும் கை வைக்கத் துணி இல்லை. கிடைத்ததில் தோளிலிருந்து ஏழு விரல் தள்ளி நிற்கிற ஒரு குட்டைப் பஃப் கை தைத்தேன். கேட்டால் இப்போது இதுதான் பேஷன் என்று சொல்லிக்கொள்ளலாம். அதன் பிறகும் ஐந்து அங்குல அகலத்தில் ஒரு நீளத் துண்டு மிஞ்சியது. அந்தத் துண்டைப் பார்த்தபோது எனக்குக் கை ஞாபகம் வரவில்லை, கிளி ஞாபகம் வந்தது.

கிளி செய்வதைக் காணொளியில் பார்த்திருந்தேன். சதுரமாக வெட்டி, முக்கோணமாக மடித்து, ஒரு பக்கம் விட்டுத் தைத்து, உள்ளே அடைத்து, மூக்குக்குச் சிவப்புத் துணி, கண்ணுக்கு மணி. அடைப்பதற்குப் பஞ்சு இல்லை. தொழிற்சாலையில் கூட்டித் தள்ளுகிற தேயிலை நாரும் தூளும் மூட்டை மூட்டையாகக் கிடக்கும். அதை அடைத்தேன். ஒன்பது கிளிகள் வந்தன. என் வாழ்க்கையில் முதன்முறையாக நான் தைத்த ஒன்று கோணாமல், சுருங்காமல், பழுப்புச் சொட்டு இல்லாமல் வந்தது. தோட்டத்து மண்டபத்து வாசலில் தோரணமாகக் கட்டினேன். ஞாயிற்றுக்கிழமை பரிசம். கிளிகள் வெள்ளிக்கிழமை மத்தியானமே ஏறிவிட்டன.

பார்த்தவர்கள் எல்லாரும் பாராட்டினார்கள். கோழிக்குப் பாவாடை தைக்கச் சொன்ன அம்மாவே, "பரவால்ல, கை வந்துருச்சு உனக்கு" என்றார். துரையம்மா, அதாவது மேனேஜரின் மனைவி, காரை நிறுத்தி இறங்கி வந்து தொட்டுப் பார்த்தார். தோட்டத்து டீக்கடைக்கு வரும் வெளியூர்க்காரர்கள் இதையெல்லாம் விரும்பி வாங்குவார்கள், திங்கட்கிழமை கொண்டுவந்து காட்டு என்று சொல்லிவிட்டுப் போனார். நான் கல்லின்மேல் ஏறிப் படத்தைப் போட்டேன். கீழே இறங்கவே மனசில்லை. ஒவ்வொரு இதயமாக வந்து விழுந்துகொண்டிருந்தது. முதல் இதயம் தேவகியக்காவுடையது.

சாயங்காலம் ரவிக்கையைப் போட்டுப் பார்க்க வந்தார். எங்கள் வீட்டில் அப்போது யாரும் இல்லை. கதவைச் சாத்திவிட்டுச் சுவெட்டரைக் கழற்றினார். ரவிக்கை சாக்கு மாதிரி தொங்கியது. அதைப் பார்த்துச் சிரிக்க வாயெடுத்தவள், இடது கையைப் பார்த்து நிறுத்தினேன். தோளுக்குக் கீழே தொடங்கி முட்டிக்குச் சற்று மேலேவரை வெள்ளையாக ஒரு படை, நாலு ஓரமும் வரைபடம் மாதிரி.

"பாத்துட்டியா?" என்றார். "சின்ன வயசுலேர்ந்து இருக்கு. ஒட்டாது. ஆஸ்பத்திரில சொல்லிட்டாங்க, ஒண்ணும் செய்யாதாம். அம்மாதான் யாருகிட்டயும் காட்டாதன்னு வளத்துட்டாங்க."

பிறகு மெதுவாகச் சொன்னார். "அவருக்குத் தெரியும்டி. நான் சொல்லிட்டேன். அவருக்கு ஒண்ணும் இல்லியாம். அன்னிக்கு மட்டும் அவங்கம்மா கண்ணுல படாம பாத்துக்க, அப்புறம் நானே பக்குவமா சொல்லிக்கிறேன்னாரு. அதான் முட்டி வரைக்கும் கேட்டேன்."

நான் பஃப் கையைப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். "துணி பத்தலக்கா."

"கிளி தெச்சிருக்கியே?"

எனக்குச் சுருக்கென்றது. அவர் கோபமாகச் சொல்லவில்லை. கணக்குப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். "அதப் பிரிச்சு இந்தக் கைக்கு கீழ ஒட்டுப் போட்டுத் தெச்சிறலாம்டி. அதே துணிதானே, குத்தமில்ல. எங்கம்மா பாவாடைக்கு ஒட்டுப் போடல? நாள இருக்குல்ல ஒரு நாள். நானும் ஒக்காந்து பிரிக்கிறேன்."

நாளை ஒரு நாள் இருந்தது. மெஷின் இருந்தது. அவருடைய கையும் இருந்தது, என் கையும் இருந்தது. எனக்குத் துரையம்மாவின் முகம் ஞாபகம் வந்தது. கல்லின்மேல் நின்று எண்ணிய இதயங்கள் ஞாபகம் வந்தன. என்ன சொன்னேன் தெரியுமா?

"பிரிச்சாலும் பத்தாதுக்கா. எல்லாம் துண்டு துண்டா வெட்டிட்டேன். ஒட்டுப் போட்டா அசிங்கமா இருக்கும், சம்பந்தி வீட்டுல சிரிப்பாங்க."

"பத்தாதா?"

"பத்தாதுக்கா. சுவெட்டர் போட்டுக்கங்க. இந்த மலையில யாரு சுவெட்டர் இல்லாம நிக்கிறா?"

அளந்து பார்க்காமலே சொன்னேன். அவர், "சரிடி, ஒனக்குத்தான் தெரியும்" என்று சுவெட்டரை மாட்டிக்கொண்டார். ரவிக்கையை இரண்டு பக்கமும் ஊக்கு குத்தி இறுக்கிக் கொடுத்தேன். அதற்கு நன்றி வேறு சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் இரண்டு வேனில் வந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா நல்ல உயரம், கணீரென்ற குரல். மண்டப வாசலில் நின்று கிளிகளை நிமிர்ந்து பார்த்தார். "எங்க சேலத் துணிதானே இது? அடேயப்பா, யாரு கைவேல?" முனியம்மா என்னைக் கை காட்டினார். நான் தலையைக் குனிந்துகொண்டு, எல்லாருக்கும் தெரிகிற மாதிரி நின்றேன்.

தட்டு வைத்துப் பேசி முடிந்ததும் பெண்ணைக் கூப்பிட்டார்கள். பச்சைச் சேலை, மேலே வெள்ளைச் சுவெட்டர், தலை நிறையப் பூ. எங்களுக்கெல்லாம் கல்யாணப் பெண் சுவெட்டர் போடுவது புதிதில்லை. மாப்பிள்ளையின் அம்மா சந்தனக் கிண்ணத்தை எடுத்தார். இரண்டு கன்னத்திலும் பூசினார். பிறகு, "சுவெட்டரக் கழட்டும்மா, கையில பூசணும், வளையல் போடணும்" என்றார்.

சந்தனம் கையில் பூசுவார்கள் என்பது எனக்குத் தெரியும். எத்தனையோ பரிசம் பார்த்திருக்கிறேன். சுவெட்டர் யோசனை சொன்னபோது அது என் மண்டையில் ஏறவே இல்லை. நல்லவேளை என்று நினைத்துக்கொள்ள எனக்கு அது ஒன்றுதான் இருக்கிறது. தெரிந்து செய்யவில்லை.

"குளிருதுங்க, அப்படியே மணிக்கட்டுல வைங்களேன்" என்றார் முனியம்மா. "எங்க ஊருல குளிராதா? ஒரு நிமிசந்தானே" என்று அந்த அம்மாவே சிரித்துக்கொண்டு சுவெட்டரை இழுத்துக் கழற்றினார். வலது கையில் சந்தனம் பூசினார். இடது கையிலும் பூசினார். பூசிய விரல் நின்றது. பூசிய சந்தனத்தைத் துண்டால் துடைத்தார். துடைத்துவிட்டு மறுபடியும் கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்துப் பார்த்தார், கறை போகிறதா என்று பார்க்கிற மாதிரி.

"என்னம்மா இது?"

"சின்னதுலேர்ந்து இருக்குங்க. ஒட்டாதுங்க. டாக்டரு சொல்லிருக்காரு" என்று முனியம்மா கையெடுத்துக் கும்பிட்டார்.

"ஒட்டுதோ ஒட்டலியோ, எங்ககிட்ட சொன்னீங்களா?" மகன் பக்கம் திரும்பினார். "ஒனக்குத் தெரியுமாடா?"

மாப்பிள்ளை கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார். மண்டபத்தில் அலைவரிசை கிடையாது. என்னத்தைப் பார்த்தாரோ. தேவகியக்கா அவரையே பார்த்தார்.

"தெரியாதும்மா" என்றார்.

அந்த அம்மா தட்டைக் கையில் எடுத்துக்கொண்டார். வாசல் பக்கம் பார்த்தார். "மறைக்கணும்னா நீட்டக் கையாவது வச்சித் தொலைச்சிருக்கலாம். கிளிக்குத் துணி இருந்துச்சு, கைக்கு இல்லியா? நீதானே தெச்ச?"

எல்லாருடைய கண்ணும் என்மேல். தப்பு என்னுடையது என்று சொல்ல நாலு வார்த்தை போதும். "இல்ல, அக்காதான் குட்டக் கை கேட்டாங்க" என்றேன்.

தேவகியக்கா அப்போது என் பக்கம் திரும்பினார். அந்த மண்டபத்தில் இரண்டு பேர் பொய் சொன்னோம், என்னை விட்டால், இரண்டும் பொய் என்று தெரிந்த ஆள் அவர் ஒருவர்தான். வாயைத் திறந்திருந்தால் எங்கள் இருவர் மானமும் போயிருக்கும். இரண்டு பேரையும் விட்டுவிட்டார்.

சேலையைத் திருப்பிக் கேட்டார்கள். பின்னறையில் தேவகியக்கா அவிழ்த்துக் கொடுக்க, நான்தான் மடித்தேன். மடிப்பு கலையாமல் மடிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதானாம், அம்மா அனுப்பி வைத்தார். ரவிக்கையை நீட்டியபோது அந்த அம்மா வாங்கவில்லை. "அது யாருக்கு ஆகும், வச்சிக்கங்க" என்றார். கடைசியாகக் கிளம்பிய வேன் மண்டபத்து வாசலில் திரும்பியபோது ஒரு கிளி அறுந்து விழுந்தது. நான் ஓடிப்போய் எடுத்துத் தூசி தட்டினேன். எனக்கு அப்போதும் கிளிதான்.

நான் சொன்ன பொய் அதோடு நிற்கவில்லை. மறுநாள் குழாயடியில், "கையக் காட்டணும்னு அவளுக்கே ஆச. அதான் குட்டக் கை கேட்டிருக்கா" என்றார்கள். ஒரு வாரத்தில், "குட்டக் கை" என்பதே அவருக்குப் பட்டப்பெயராகிவிட்டது. குட்டக் கை வருது, குட்டக் கை போகுது. நான் வைத்த பெயர் என்று யாருக்கும் தெரியாது. நான் அந்தப் பெயரைச் சொல்லிச் சிரித்ததில்லை. அவர்கள் சொன்னபோது சும்மா இருந்தேன், அவ்வளவுதான் என் நேர்மை.

திங்கட்கிழமை துரையம்மா கேட்டார். அந்த ஒன்பது கிளிகளை நான் கொடுக்கவில்லை. உடனே என்னை நல்லவள் என்று நினைத்துவிடாதீர்கள். வேறு துணியில் இருபது தைத்துக் கொடுத்தேன். எல்லாம் விற்றுப்போயின.

நாலைந்து மாதம் கழித்துத் தேவகியக்கா எங்கள் வாசலில் வந்து நின்றார். இரண்டு ஜோடிக் கையுறையும் துவைத்து மடித்துக் கையில் இருந்தன. "இந்தா, இனிமே வேணாம்" என்றார். மறுநாளிலிருந்து சட்டைக் கையை மேலே மடித்துவிட்டுக்கொண்டு கொழுந்து எடுக்கப் போனார். இரண்டு கையிலும் குச்சி கீறிய கோடுகள் இருக்கும். யார் பார்த்தாலும் இழுத்துவிட மாட்டார். முனியம்மாதான் பார்க்க முடியாமல் வீட்டுக்குள்ளேயே இருந்துவிட்டார். அடுத்த தீபாவளிக்குள் இருவரும் ஈப்போவுக்குப் போய்விட்டார்கள். ஏதோ ஹோட்டலில் துணி வெளுக்கிற வேலை என்று கேள்வி.

ஒரே ஒரு முறை பார்த்தேன். எனக்குக் கல்யாணமாகி ஒரு வருடம் இருக்கும். தாப்பா பஸ் நிலையத்தில் இரண்டு பெண்களோடு ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டு நின்றார். அரைக்கை டீ-சட்டை. படை விரல்வரை இறங்கியிருந்தது. ஒளிந்துகொள்ளத் தூண் தேடினேன். அதற்குள் பார்த்துவிட்டார்.

"நல்லாருக்கியாடி? பசியாறிட்டியா?"

"ஆச்சுக்கா."

"கிளி இன்னும் தெக்கிறியா?"

குத்திக்காட்டுகிறாரா என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. பழைய பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் கேட்கிற சாதாரணக் கேள்வி. "விட்டுட்டேன்க்கா" என்றேன். "ஏன்? நல்லாத்தானே தெச்ச" என்றார். பஸ் வந்தது, ஏறிவிட்டார். மன்னிப்புக் கேட்க எனக்கு அந்த ஒரு நிமிடம் கொடுக்கப்பட்டது. நான் அதை, பஸ் எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்துக்கொண்டு செலவழித்தேன்.

எங்கள் லயத்தில் இப்போது தமிழ்க் குடும்பம் ஒன்றுகூட இல்லை. பங்களாதேசிலிருந்து வந்த பையன்கள் இருக்கிறார்கள். குழாயடியை மூடிவிட்டார்கள். மண்டபத்தை இடித்து, டீக்கடைக்கு வருகிறவர்கள் கார் நிறுத்துகிற இடமாகப் போட்டிருக்கிறார்கள். கொழுந்துக் கொட்டகைக் கல் மட்டும் கிடக்கிறது, இப்போது எல்லா இடத்திலும் அலைவரிசை கிடைப்பதால் அதில் யாரும் ஏறுவதில்லை. மெஷினைப் பழைய இரும்புக்குப் போட்டாயிற்று. தேவகியக்காவின் பழைய எண் வேறு யாரிடமோ இருக்கிறது. ஒரு மலாய்க்காரர் எடுத்து, அப்படி யாரும் இல்லை என்று மரியாதையாகச் சொன்னார். கிளிப் படத்தை நான் இன்னும் அழிக்கவில்லை. இதயங்களில் அவருடையது மட்டும் இப்போது இல்லை.

இத்தனை வருடமும் நான் ஒன்றைத்தான் பிடித்துக்கொண்டு தூங்கியிருக்கிறேன். பிரித்தாலும் பத்தியிருக்காது. துணி இல்லாததற்கு நான் என்ன செய்ய முடியும்?

போன ஞாயிற்றுக்கிழமை, வீட்டுக்காரர் போன பிறகு, டின்னின் அடியில் அந்த நோட்டுத் தாளும் கிடைத்தது. கை முட்டி வரை, கீழே கோடு. கைச்சுற்று பதிமூன்று என்று என் கையெழுத்து. சின்னக் கத்திரிக்கோலை எடுத்து ஒரு கிளியைப் பிரித்தேன். மேசை முழுக்கத் தேயிலைத் தூள் கொட்டியது. இன்னும் வாசனை போகவில்லை. இன்னொன்றைப் பிரித்தேன். ஒன்பதையும் பிரித்து, தூளை உதறி, இஸ்திரி போட்டு வரிசையாக அடுக்கினேன். ஐந்து அங்குலச் சதுரங்கள். மூன்றைச் சேர்த்தால், தையலுக்குப் போக, பதினாலு அங்குலம் வந்தது. சுவெட்டருக்கு மேலே எடுத்த அந்தத் தப்பான அளவுக்கே போதும். பஃப் கைக்குக் கீழே ஒட்டினால் நீளம் முட்டியைத் தொடும். வலது கைக்கு மூன்று, இடது கைக்கு மூன்று.

மீதி மூன்று. வாசலில் மூன்று கிளி தொங்கியிருந்தாலும் அழகாகத்தான் இருந்திருக்கும்.